ஏற்காடு பாட்டு ரூம் ரிவ்யூ: எழுபதுக்கு எல்பி, எண்பதுக்கு கேசட், தொண்ணூறுக்கு சிடி

முதல்லயே சொல்லிடுறேன், ராக் பாட்டு உக்காந்து கேக்கற இந்த ரூமுக்கு போகலாம், குடுத்த காசுக்கு மோசம் இல்ல. ஆனா சேர் மோசம். மூணு மணி நேரத்துக்கு மேல உக்கார வெக்கிற எடத்துல கல்யாண மண்டப ப்ளாஸ்டிக் சேர் போட்டு வெச்சிருக்காங்க, குஷன் இல்லையாண்ணானு ஓனர் கிட்ட கேட்டா "இருந்துச்சு தம்பி, பூஞ்ச புடிச்சிருச்சு, வெயில்ல காயப் போட்ருக்கேன்"ங்கறார். ஏற்காட்டுல வெயிலு. காஞ்ச மாதிரி தான்.

எடம் எங்கனா, ஏரி தாண்டி எஸ்டேட் பக்கம் உள்ள போற ரோட்ல ஒரு ஹோம்ஸ்டே. பேர் போடாதீங்கனு ஓனர் கேட்டுக்கிட்டார், ஏற்கனவே சனி ஞாயிறு ரீல்ஸ் எடுக்கற கும்பல் வந்து உசுர வாங்குதாம். பழைய காபி குடோன் ஒண்ண ரூமா மாத்தி ஸ்பீக்கர் வெச்சிருக்கார், தங்கணும்னு கட்டாயம் இல்ல, சாயங்கால செஷனுக்கு மட்டும் போய்ட்டு எறங்கிடலாம். ஆளுக்கு 500 ரூபா, காபி பஜ்ஜி அதுலயே அடக்கம், எட்டு பேருக்கு மேல சேக்க மாட்டார். போடறது ப்ராக் ராக் மட்டும் தான், அதாவது ப்ரோக்ரெஸிவ் ராக், நீள நீளமா, தாளம் மாறி மாறி போற ராக் பாட்டு. எங்க கூட வந்த ஒருத்தர் நடுவுல ஒரு இளையராஜா போடுங்களேன்னு கேட்டதுக்கு, ஏரிக்கரைல டீக்கடைல ஓசிலயே ஓடுதுங்க, எறங்கும்போது கேட்டுட்டு போங்கனுட்டார்.

இங்க ஸ்பெஷல் என்னன்னா ஒவ்வொரு பத்து வருஷத்து பாட்டையும் அந்தந்த காலத்து மிஷின்லயே போடறார், எழுபதுனா எல்பி (முள்ளு வெச்சு போடற பெரிய இசைத்தட்டு), எண்பதுனா கேசட், தொண்ணூறும் ரெண்டாயிரமும் சிடி, அதுக்கப்புறம் ஃபோன்ல இருந்து ஸ்ட்ரீமிங். இது சும்மா பந்தாவுக்கு இல்ல. ப்ராக் ராக்ல பாட்டு எவ்ளோ நீளம் போகும், எங்க மூச்சு விடும், எங்க முடியும்ங்கறத பாதி முடிவு பண்ணது அது வந்த டப்பா தான், அத தனித்தனியா கேட்டா தெரியாது, ஒரே ரூம்ல ஒரே ஸ்பீக்கர்ல வரிசையா கேட்டா யாரும் சொல்லாமலே காதுக்கு பிடிபட்டுரும்.

எல்பில ஒரு பக்கத்துக்கு இருபது சொச்சம் நிமிஷம் தான் நல்லா புடிக்கும், அதுக்கு மேல திணிச்சா கோடு நெருக்கமாகி சவுண்ட் கொறஞ்சிரும். இப்ப பாருங்க, யெஸ்ங்கற பேண்டோட க்ளோஸ் டு தி எட்ஜ் (1972) பதினெட்டரை நிமிஷத்துக்கு மேல, ஜெனிசிஸோட சப்பர்ஸ் ரெடி (அதே வருஷம்) கிட்டத்தட்ட 23, பிங்க் ஃப்ளாய்டோட எக்கோஸ் (1971) 23 சொச்சம், ரஷ்ஷோட 2112 (1976) இருபது. எல்லாம் ஒரே சைஸ்ல வந்து நிக்குதுல்ல, ஞானம் வந்து நிக்கல, பிளேட்டு அவ்ளோ தான். முடிக்க வேண்டிய எடத்துல முடிச்சே ஆகணும்ங்கற நெருக்கடி இருந்ததால தான் அந்த பாட்டுங்க அவ்ளோ கட்டா இருக்குனு நான் சொல்லுவேன்.

ஓனர் பிளேட்ட எடுக்கறதே பாக்க ஒரு அழகு. மலைல ஈரம் ஜாஸ்திங்கறதால பீரோ உள்ள ஒரு குண்டு பல்பு எப்பவும் எரியுது, அந்த சூடு பட்டு அட்டை எல்லாம் வெதுவெதுனு இருக்கு. ரெண்டு உள்ளங்கைலயும் ஓரத்த மட்டும் புடிச்சு எடுத்து, லைட்டுக்கு நேரா சாச்சு பூஞ்ச இருக்கானு பாத்து, ப்ரஷ் வெச்சு ஒரு சுத்து தொடச்சிட்டு தான் முள்ள வெப்பார். க்ளோஸ் டு தி எட்ஜ் ஆரம்பத்துல தண்ணி சத்தமும் குருவி சத்தமும் வரும் தெரியும்ல, ஜன்னல் தொறந்திருந்துச்சா, எது பிளேட்டு குருவி எது வெளிய சில்வர் ஓக் மரத்துல கத்துற குருவினு பிரிக்க முடியல, திடீர்னு மொத்த பேண்டும் ஒண்ணா வந்து விழுந்தப்ப ஒரு அக்கா காபிய மடியில ஊத்திக்கிட்டாங்க. நடுவுல வர்ற அந்த பெரிய ஆர்கன் லண்டன்ல ஒரு சர்ச்சுல யெஸ்ஸோட கீபோர்ட் ஆளு ரிக் வேக்மேன் வாசிச்சு ரெக்கார்ட் பண்ணது. குடோன்ல ஓட்டுக் கூரை, அந்த எடம் வந்தப்ப ஓடு லேசா அதிர்ந்துச்சு.

அடுத்து ஜெத்ரோ டல்லோட திக் அஸ் எ ப்ரிக், 1972, ஒரே பாட்டு, 43 நிமிஷத்துக்கு மேல. ஒரு பக்கத்துல அடங்காது, அதனால முதல் பக்கம் மெதுவா தேஞ்சு போகும், பிளேட்ட திருப்பி போட்டா அங்கருந்து திரும்ப கெளம்பும். ஃபோன்ல கேக்கறவனுக்கு ஏன் நடுவுல தேயுதுனே புரியாது. ஓனர் எந்திரிச்சு போய் திருப்பற அந்த கேப்புல தான் பஜ்ஜி வந்துச்சு, டைமிங்க பாராட்டணும்.

எழுபதுலயும் எல்லாம் தங்கம் இல்லைங்க. யெஸ் 1973ல டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்னு ரெட்டை எல்பி விட்டாங்க, நாலு பக்கம், பக்கத்துக்கு ஒரு பாட்டு. பரமஹம்ச யோகானந்தரோட சுயசரிதைல ஒரு அடிக்குறிப்ப படிச்சிட்டு அவங்க பாடகர் ஜான் ஆண்டர்சன் புடிச்ச ஐடியா. எடம் ரெண்டு மடங்கு கெடச்சதும் கைல இருந்த மாவ ரெண்டு மடங்கு தோசைக்கு இழுத்துட்டாங்க, அங்கங்க ஓட்ட. வேக்மேனுக்கே புடிக்கல, மான்செஸ்டர் கச்சேரில வாசிக்க வேலை இல்லாத எடத்துல மேடைலயே கறி சாப்ட்டேன்னு அவரே பல தடவ சொன்ன கதை இருக்கு, டூர் முடிஞ்சு 1974ல பேண்ட விட்டே போய்ட்டார். ஓனர் இத முழுசா போடல, மூணாவது பக்கம் மட்டும் போட்டார், நல்ல வேளை.

இப்ப எண்பது. ப்ராக் ஆளுங்க எண்பதுனாலே மூஞ்ச சுளிப்பாங்க, எனக்கு அதுல ஒப்புதலே இல்ல. ஏஷியாங்கற பேண்டோட அதே பேர் ஆல்பம் (1982) அமெரிக்கால நம்பர் ஒன் ஆச்சு, இன்னிக்கு கேட்டா சோடா கேஸ் போன மாதிரி தான் இருக்கு, சரி விட்டுடுவோம். யெஸ் 1983ல கேட்டலாக் நம்பரையே பேரா வெச்சு 90125னு விட்டாங்க, அதுல ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட் அமெரிக்கால முதல் எடம், அது பரவால்ல, நல்லாவே இருக்கும். ஆனா 1981ல கிங் கிரிம்சன் போட்ட டிசிப்ளின் ஆல்பம் மட்டும் போதும் மொத்த எண்பதையும் காப்பாத்த. அதே கிங் கிரிம்சன் தான், 1969ல மெல்லோட்ரான் (டேப்ல பதிஞ்ச சத்தத்த வாசிக்கற கீபோர்ட்) வெச்சு ராஜா தர்பாரு மாதிரி பாட்டு போட்ட பேண்ட், இப்ப மெல்லோட்ரானும் இல்ல, இருபது நிமிஷ பாட்டும் இல்ல. ராபர்ட் ஃப்ரிப்பும் ஏட்ரியன் பெலூவும் ரெண்டு கிட்டார பின்னி பின்னி வாசிக்கறாங்க, கீழ டோனி லெவின் சாப்மேன் ஸ்டிக்ல (விரலால தட்டி வாசிக்கற கம்பி வாத்தியம்), பின்னாடி ட்ரம்ஸ்ல பில் ப்ரூஃபோர்ட். ஃப்ரேம் பை ஃப்ரேம்ல ஒரு கிட்டார் ஏழு கணக்க விடாம புடிச்சிருக்கும், இன்னொண்ணு ஒரு ஸ்வரத்த விட்டுட்டு ஓடும், ரெண்டும் கொஞ்சம் கொஞ்சமா வெலகி சுத்தி வந்து திரும்ப ஒண்ணா சேரும். எனக்கு முன்னாடி உக்காந்திருந்த காலேஜ் பொண்ணு மிருதங்கம் கத்துக்கறவ போல, தகிட தகதிமினு தொடைல போட்டுட்டே இருந்துச்சு, கிட்டார் வெலகுன எடத்துல கை நின்னு போச்சு, சிரிச்சிருச்சு, அப்புறம் ஒரு கிட்டார மட்டும் புடிச்சுக்கிட்டு கடைசி வரைக்கும் விடல. இது தான் ப்ராக். நீளம் இல்ல.

கேசட்ல ஸ்ஸ்ஸுனு ஒரு எரைச்சல் இருக்கத்தான் செய்யுது, ஒவ்வொரு கேசட்டுக்கும் முன்னாடி ஹெட்ட ஸ்பிரிட் பஞ்சு வெச்சு தொடைக்கறார். மரில்லியனோட மிஸ்ப்ளேஸ்டு சைல்டுஹுட் (1985) ஒவ்வொரு பக்கமும் பாட்டுக்கு பாட்டு இடைவெளி இல்லாம ஓடற ஆல்பம், அத டேப்ல கேக்கறது சரியா இருந்துச்சு. ரஷ்ஷோட ஒய்ஒய்சட் (1981) போட்டப்ப, டொரண்டோ ஏர்போர்ட் கோட மோர்ஸ்ல (தந்தில அடிக்கற குட்டி நெட்டு கணக்கு) அடிச்சு தான் அந்த ஆரம்ப தாளமேனு ஓனர் சொன்னார். நம்ம சேலம் ஜங்ஷன் கோட் எஸ்ஏ, மோர்ஸ்ல நாலு குட்டி ஒரு நெட்டு, டிட்டிட்டிட் டிட்டா, தாளம் நல்லா தான் வருது, யாராச்சும் பேண்ட் வெச்சிருக்கற பசங்க எடுத்துக்கோங்கப்பா.

சிடி வந்ததும் 74 நிமிஷம், அப்புறம் 80 நிமிஷம் எடம், நிறுத்த ஆள் இல்ல. ட்ரீம் தியேட்டரோட இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ் (1992) ஒரு மணி நேரத்துக்குள்ள முடியும், இன்னிக்கும் கை வெக்க முடியாத ஆல்பம். 1999ல வந்த சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி 77 நிமிஷம். ஃபேன்ஸ் அடிக்க வருவீங்க, வாங்க, கதை நல்லா இருக்கு, வாசிப்பு பயங்கரம், ஆனா நடுவுல இருபது நிமிஷத்த வெட்டி இருக்கலாம், அத அந்த ப்ளாஸ்டிக் சேர்ல உக்காந்து முழுசா கேட்டவன் சொல்றேன். டூலோட லேட்டரலஸும் (2001) அதே நீளம் தான், ஆனா அது சலிக்கல, டைட்டில் பாட்டுல வார்த்தையோட அசைங்கள ஃபிபோனாச்சி கணக்குல அடுக்கியிருப்பாங்க, ஒண்ணு ஒண்ணு ரெண்டு மூணு அஞ்சு எட்டுனு, கணக்கு தெரியாதவனுக்கும் மூச்சு ஏறி எறங்கறது தெரியும்.

செஷன்லயே உருப்படியான விஷயம் ரஷ்ஷோட வேப்பர் ட்ரெயில்ஸ். 2002ல வந்த சிடி சவுண்ட ஏத்தி ஏத்தி ட்ரம்ஸ் எல்லாம் நசுங்கி போய் வந்துச்சு, 2013ல ரீமிக்ஸ் பண்ணி திரும்ப விட்டாங்க. ஓனர் ரெண்டையும் ஒரே வால்யூம்ல வர்ற மாதிரி வெச்சு அதே பாட்ட மாத்தி மாத்தி போட்டார். பழசுல சிம்பல் மழைல தகரம் மாதிரி ஒரே எரைச்சல், புதுசுல ட்ரம்மர் நீல் பியர்ட் எந்த சிம்பல எந்த பக்கம் அடிக்கறார்னு கை நீட்டி காட்டலாம். இதுக்கே 500 குடுக்கலாம்ங்க.

அப்புறம் போர்க்குபைன் ட்ரீ, ஃபியர் ஆஃப் எ ப்ளாங்க் ப்ளானட், 2007. எண்பது நிமிஷம் எடம் இருந்தும் அந்த பேண்டோட தலைவர் ஸ்டீவன் வில்சன் அம்பது நிமிஷத்துல முடிச்சார், அதுல பதினேழு நிமிஷத்துக்கு மேல ஒரே பாட்டு. எழுபது எல்பியோட அளவ சிடிக்குள்ள தானா போட்டுக்கிட்ட மனுஷன், கிங் கிரிம்சன், ஜெத்ரோ டல், யெஸ் பழைய டேப்பெல்லாம் ரீமிக்ஸ் பண்ணதும் இவர் தான், எங்க நிறுத்தணும்னு அவருக்கு தெரியறதுல ஆச்சரியம் இல்ல. என்னோட ஓட்டு எழுபதுக்கு முதல், எண்பது ஆரம்பமும் இதுவும் சேந்து ரெண்டாவது, தொண்ணூறு கடைசி.

சொதப்பல்னா ஸ்ட்ரீமிங் பகுதி தான். பனி எறங்குனா நெட்டு போய்டுது, டூலோட ஃபியர் இனாக்குலம் (2019) நடுவுல ரெண்டு தடவ சுத்திக்கிட்டு நின்னுச்சு. சிடில அடங்காத துண்டு துண்டு பாட்டுங்க சேந்து டிஜிட்டல்ல மட்டும் 86 நிமிஷம் வரும், அத பேச வேண்டிய எடத்துல வைஃபை பாஸ்வேர்டு பேசிட்டு இருந்தோம். நம்ம ஊர் பேண்டுங்கள கடைசி பத்து நிமிஷத்துல அள்ளி போட்டார், மதர்ஜேனோட மக்தூப்ல (2008) பைஜு தர்மஜன் கிட்டார்ல கமகம் இழுக்கறத கேட்டு முடிக்கறதுக்குள்ள அகம்ங்கற இன்னொரு பேண்ட போட்டு, அதையும் பாதில நிறுத்தி, கரண்ட் போய்டும்னு ஆம்ப்ப ஆஃப் பண்ணிட்டார். இதுக்குனு தனி சாயங்காலமே வெக்கலாம்ணானு சொல்லிட்டு வந்திருக்கேன். எழுபது பேண்ட் ஜென்டில் ஜயன்ட் ஒரு பிளேட்டு கூட இல்ல, அதையும் சொன்னேன், மொகம் சுருங்கிருச்சு.

போறவங்க வார நாள்ல போங்க, ஃபோன் பண்ணிட்டு போங்க. குஷன் நீங்களே கொண்டு போங்க, ஸ்வெட்டரும். ரெண்டாவது காபி கேட்டா தான் வரும். முடிய ராத்திரி ஒன்பதாகிடும், அப்புறம் இருபது ஹேர்பின்னும் பனில எறங்கணும், பைக்ல வர்றவங்க ஹெட்லைட்ட சேலத்துலயே செக் பண்ணிட்டு ஏறுங்க.