டெலக்ஸ் ரிவர்பா, ஏசி15-ஆ: டியூப் மாற்றும் நாளை யோசித்து வாங்கிய ஆம்ப்

பதினொரு வருடம் ஒரே டிரான்சிஸ்டர் ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) கிட்டார் வாசித்தவன் நான். அதன் மேல் பெரிய புகார் எதுவும் இல்லை. மெதுவாக மீட்டினாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே முகத்தோடு பதில் சொல்லும், அது ஒன்றுதான் சலித்துப்போனது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு வழியாகக் காசு சேர்ந்தது. பழைய பாணி டியூப் ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வுகள் ஒலியைப் பெருக்கும் வகை) தேடி அலைந்ததில் கடைசியாக மிஞ்சியவை மூன்று: ஃபெண்டர் '65 டெலக்ஸ் ரிவர்ப் ரீஇஷ்யூ (பழைய மாடலின் மறுவெளியீடு), வாக்ஸ் ஏசி15 கஸ்டம், அப்புறம் உள்ளே டியூபே இல்லாத ஃபெண்டர் டோன் மாஸ்டர் டெலக்ஸ் ரிவர்ப்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெலக்ஸ் ரிவர்ப் ரீஇஷ்யூதான் வாங்கினேன், இன்றும் அதுதான் வீட்டில் இருக்கிறது. அதனால் நான் நடுநிலையோடு எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஏசி15, நண்பன் வெளியூரில் இருந்த நாலு மாதம் என் அறையில் இருந்தது. டோன் மாஸ்டரை ஒரு ரிகர்சல் ஸ்டுடியோவில் ஏழெட்டு முறை வாசித்திருக்கிறேன், அவ்வளவுதான் பழக்கம். என் கிட்டார் டெலிகாஸ்டர். ஹம்பக்கர் (கம்பி அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பில் இரட்டைச் சுருள்) கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லும் டோன் அப்படியே பொருந்தாது.

டோன் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஏனென்றால் காதில் கேட்டாலே புரிந்துவிடும். டெலக்ஸ் ரிவர்ப் 1963-ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் பிறந்த சர்க்யூட். மேலே மணி மாதிரி தெளிவு, கீழே வட்டமான பேஸ், நடுவில் மிட் கொஞ்சம் குழிந்திருக்கும். மிட் நாப் கிடையாது. உள்ளே ஒரு ரெசிஸ்டர் அதை நிரந்தரமாக முடிவு செய்துவிட்டது. ஏசி15-ஐ 1958-ல் இங்கிலாந்தின் டார்ட்ஃபர்டில் டிக் டென்னி வடிவமைத்தார். அதில் மிட் முன்னால் வந்து நிற்கும், மேலே சலசலவென்று ஒரு மினுக்கம் இருக்கும். கார்டு அடித்தால் ஆறு கம்பியும் ஒன்றோடொன்று உரசுவது கேட்கும். இன்றைய ஏசி15 கஸ்டம் 1958-ன் நேர் நகல் இல்லை. அந்தக் காலத்து ஆம்பில் முன்னால் இருந்தது இஎஃப்86 டியூப். இன்று அந்த இடத்தில் 12ஏஎக்ஸ்7, கூடவே பின்னாளில் ஏசி30-ல் வந்த டாப் பூஸ்ட் சேனல். அதற்காக நாலு மாதத்தில் ஒரு நாள்கூட நான் வருத்தப்படவில்லை. டாப் பூஸ்டில் வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றி, டெலியின் பிரிட்ஜ் பிக்கப்பில் வாசித்தால், கையை எடுக்க மனசு வராது. கிரன்ச் (லேசாக உடைந்த கரகரப்பு) ஒன்றுக்காகத்தான் ஆம்ப் என்றால் ஏசி15-ஐயே வாங்குங்கள்.

நான் அதிகம் வாசிப்பது கிளீன் (உடையாத சுத்தமான ஒலி), வேண்டும்போது ஒலியை உடைக்க மேலே ஒரு ஓவர்டிரைவ் பெடல். அந்த வேலைக்கு டெலக்ஸ் ரிவர்பின் வைப்ரேட்டோ சேனல் வாகாக இருக்கிறது. (பெயர் வைப்ரேட்டோ, வேலை டிரெமலோ. சுருதி ஆடாது, சத்தம்தான் ஏறி இறங்கும். ஃபெண்டர் அறுபது வருடமாகத் திருத்தவில்லை.) ஸ்பிரிங் ரிவர்ப் (சுருள்கம்பி வழியாக வரும் எதிரொலி) இரண்டிலும் உண்டு. ஆனால் டெலக்ஸ் ரிவர்பில் ரிவர்புக்கென்றே டியூப் ஒதுக்கியிருப்பதன் அருமை நாப் மூன்றைத் தாண்டும்போது தெரியும்.

சத்தம் பற்றி ஒரு வார்த்தை. 22 வாட், 15 வாட் என்ற எண்களைப் பார்த்து ஏமாற வேண்டாம், இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு டெசிபல்கூட இல்லை. அடுக்குமாடி வீட்டில் இரண்டுமே அதிகம். ஏசி15-ல் மாஸ்டர் வால்யூம் இருப்பதால் சமாளிக்கலாம். டெலக்ஸ் ரிவர்பில் அது கிடையாது. ஐந்தைத் தாண்டினால்தான் அது உடைந்து பாட ஆரம்பிக்கும், அதற்குள் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். இந்த ஒரு இடத்தில் டோன் மாஸ்டர் இரண்டையும் அடித்துவிடுகிறது. பின்னால் இருக்கும் ஸ்விட்சில் 22-லிருந்து 0.2 வாட் வரை இறக்கலாம், அதாவது இருபது டெசிபல் குறையும், டோன் பெரிதாக மாறாது. எடையும் பத்தரைக் கிலோதான். என்னுடையது 19 கிலோ, ஏசி15 கிட்டத்தட்ட 22. லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடியில் இருந்துகொண்டு இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

பிறகு ஏன் டோன் மாஸ்டர் வாங்கவில்லை, ஏன் ஏசி15 வாங்கவில்லை என்றால், பராமரிப்புதான். இதை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். கடையில் ஆம்ப் பார்க்கிறவர்கள் யாரும் கேட்காத கேள்வி, இது கெட்டுப்போனால் யார் சரி செய்வார்கள் என்பது. சென்னையில் அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் பார்வையில் கணக்கு எனக்கு எதிராக இருக்கிறது. டெலக்ஸ் ரிவர்பில் ஒன்பது டியூப்: நாலு 12ஏஎக்ஸ்7, இரண்டு 12ஏடி7, ஸ்பீக்கரை ஓட்டும் இரண்டு 6வி6, ரெக்டிஃபயருக்கு (மின்சாரத்தை டிசி ஆக்கும் பகுதிக்கு) ஒரு ஜிஇசட்34. ஏசி15-ல் ஐந்தே ஐந்து: மூன்று 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை ஓட்டும் இரண்டு இஎல்84. அதிலும் ஏசி15 கேத்தோடு பயஸ் ஆம்ப் (பயஸ் என்பது வாசிக்காதபோதும் டியூபில் ஓடும் கரண்டின் அளவை வைப்பது). புது இஎல்84 ஜோடியைச் சொருகினால் அது தன்னையே சரி செய்துகொள்ளும், மீட்டர் எடுக்க வேண்டியதில்லை. டெலக்ஸ் ரிவர்பில் 6வி6 மாற்றினால் பயஸ் பார்த்துத் திருக வேண்டும். சோம்பேறிக்கு ஏற்றது ஏசி15 என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

ஆனால் அந்தச் சௌகரியத்துக்கு ஒரு விலை உண்டு. இஎல்84 சின்ன டியூப், அதன் பிளேட் (உள்ளே இருக்கும் உலோகத் தகடு) தாங்கும் வெப்பம் 12 வாட். ஏசி15 வகை சர்க்யூட்டில் நீங்கள் வாசிக்காமல் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதும் அது ஏறத்தாழ அந்த உச்சவரம்பிலேயே கொதித்துக்கொண்டிருக்கும். விளம்பரத்தில் கிளாஸ் ஏ (டியூபில் கரண்ட் நிற்காமல் ஓடும் வகை) என்று பெருமையாகச் சொல்வதன் பின்னால் இருக்கும் விஷயம் இதுதான். (கறாராகப் பார்த்தால் அது முழு கிளாஸ் ஏ-யும் இல்லை.) அதனால் இஎல்84 சீக்கிரம் தேயும். கூட்டவோ குறைக்கவோ உங்களிடம் திருகாணி கிடையாது. 6வி6-ல் நிலைமை வேறு. பிளேட்டில் 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, அந்தக் காலத்து அட்டவணை அனுமதித்ததைவிட அதிகம்தான். ஆனால் எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்பதை நாமே வைக்கலாம். வழக்கமாகத் தாங்குதிறனில் எழுபது சதவீதம் என்பார்கள், ஒரு டியூபுக்கு 20-லிருந்து 23 மில்லியாம்பியர் வரும். நான் 20-லேயே வைத்திருக்கிறேன். டோனில் ஒரு துளி இறுக்கம் கூடும், டியூப் நிதானமாக வாழும். மூன்று வருடத்தில் 6வி6 ஜோடி இன்னும் மாற்றவில்லை. ஆனால் வாரத்துக்கு நாலைந்து மணி நேரம்தான் வாசிக்கிறேன். தினமும் மேடை ஏறுகிறவருக்கு இந்தக் கணக்கு எப்படி வரும் என்று என்னால் சொல்ல முடியாது. நண்பனின் ஏசி15-ல் நாலு மாதத்தில் ஒரு டியூபும் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பயஸ் பார்ப்பது பெரிய வித்தை இல்லை, ஆபத்தான வேலை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும், ஆளையே தூக்கிவிடும். நான் செய்வதில்லை. ஒரு பழைய ரேடியோ மெக்கானிக்கிடம் கொண்டுபோகிறேன். வால்வு ரேடியோ காலத்து ஆள், வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஆம்பைக் கவிழ்த்து வைத்து, ஸ்க்ரூ கழற்றி, உள்ளே ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரேடியோல ஏரியலைப் புடுங்கிட்டுக் கிட்டாரைச் சொருகியிருக்கான், அவ்வளவுதான் தம்பி." ஏபி763 என்ற பெயரில் பல வருடமாக உலவும் சர்க்யூட் வரைபடத்தைப் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். ரீஇஷ்யூ பலகை அதிலிருந்து வேறுபடும் இடங்களைச் சிவப்புப் பேனாவால் குறித்துக்கொண்டார். மீட்டர் முனையை வலது கையில் பிடித்து, இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டுதான் வோல்ட் பார்த்தார். "ஏன் ஐயா?" என்று கேட்டேன். "ரெண்டு கையும் உள்ள போனா கரண்ட்டு நெஞ்சு வழியா போகும்." அன்றைக்கே நான் பயஸ் வைக்கும் ஆசையை விட்டுவிட்டேன்.

ஏசி15-க்கும் அவரே போதும், அதையும் சொல்ல வேண்டும். இஎல்84 அவர் கைக்குப் பழகியது. பழைய ரேடியோகிராம்களில் இருந்தது அதுதான். ஒரு காலத்தில் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸே அந்த டியூபைச் செய்தது. இன்று அந்த ஸ்டாக் எல்லாம் சேகரிப்பவர்கள் கையில். இப்போது கிட்டார் ஆம்ப் டியூப் என்றால் பெரும்பாலும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா, இந்த மூன்று நாடுகள்தான். 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது டியூப் விலை எகிறியது நினைவிருக்கலாம். அதிகம் தேயும் ஆம்ப் வைத்திருப்பவருக்கு அந்த அடி கூடுதல்.

டோன் மாஸ்டரிடம் நான் தயங்கியது இங்கேதான். 2019-ல் வந்த டிஜிட்டல் ஆம்ப் அது. ஒரு சிப் போனால் என் மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது, முழுப் பலகையையும் மாற்ற வேண்டும். பத்து வருடம் கழித்து அந்தப் பலகை கிடைக்குமா? கிடைக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் டியூப் ஆம்புக்கும் அதற்கும் வித்தியாசம் நிச்சயமாகச் சொல்ல என்னால் முடியவில்லை, அதனால் இது காதின் முடிவு இல்லை. அறுபது வருடத்துக்கு முந்தைய டெலக்ஸ் ரிவர்ப்கள் இன்றும் பழுது பார்க்கப்பட்டு ஓடிக்கொண்டிருக்கின்றன, அதை நம்பினேன். ரீஇஷ்யூ பிசிபி (அச்சிட்ட சர்க்யூட்) பலகை, பழையதைப் போலக் கையால் வயரிங் செய்ததில்லை. கையால் செய்த வகையைப் பழுது பார்ப்பது இன்னும் சுலபம், ஆனால் விலை என் எல்லைக்கு வெளியே.

ஒரே ஒரு முறை டெலக்ஸ் ரிவர்ப் என்னைக் கைவிட்டது. ரிகர்சலில் இரண்டாவது பாட்டின் நடுவில் சத்தம் தொய்ந்து, ஃபியூஸ் போனது. காரணம், நான் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு கடையில் வாங்கிப் போட்ட ரெக்டிஃபயர் டியூப். (கடையின் பெயர் வேண்டாம்.) கிட்டார் பையில் பழைய ஜிஇசட்34-ம் இரண்டு ஃபியூஸும் இருந்தன. சூடு ஆறக் காத்திருந்து, பழையதைச் சொருகி, ஃபியூஸ் மாற்றி, பத்து நிமிடத்தில் மறுபடி ஆரம்பித்தோம். கையாலேயே கழற்றி மாட்டக்கூடிய பழுது என்பதன் சுகத்தை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

அமெரிக்காவிலிருந்து சித்தப்பா மகன் கொண்டுவந்து தருவான் என்று திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே விற்கும் டியூப் ஆம்ப் 120 வோல்ட்டுக்குச் செய்தது. இங்கே 230-ல் நேராகச் சொருகினால் அன்றோடு சரி. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், குறைந்தது 300 விஏ (வோல்ட்-ஆம்பியர்). அது இன்னொரு நாலைந்து கிலோ. டோன் மாஸ்டருக்கு இந்தத் தொல்லை இல்லை, 100-லிருந்து 240 வரை எதிலும் ஓடும். மறுவிற்பனையில் மூன்றுக்குமே வாங்க ஆள் உண்டு என்றுதான் பார்த்த அளவில் தெரிகிறது. நான் விற்றுப் பார்த்ததில்லை.

பெசன்ட் நகர் பக்கம் கடற்காற்றில் டியூப் கால்களும் ஜாக்குகளும் மங்கிவிடுகின்றன. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆம்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, டியூப்களைக் கழற்றி, கால்களில் கான்டாக்ட் கிளீனர் தொட்ட துணியால் துடைக்கிறேன். திரும்ப மாட்டி ஆன் செய்ததும் பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு 12ஏஎக்ஸ்7-ஐயும் மெல்லத் தட்டுவேன். ஸ்பீக்கரில் டிங் என்று கேட்டால் அது மாற வேண்டிய டியூப். போன முறை மூன்றாவது டியூப் லேசாகக் கணீரென்றது. மாற்று டியூப்கள், ஒரு புது 6வி6 ஜோடியோடு, சமையலறை அலமாரியில் மேல் தட்டில் செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். அம்மா அதைப் பல்பு என்று நினைத்து ஒரு தடவை பிளம்பரிடம் எடுத்துக் கொடுக்கப் பார்த்தார். நல்ல வேளை, நான் வீட்டில் இருந்தேன்.