காக்கா காட்டுவதா, கூட உட்காருவதா?

தோசையைப் பிய்த்துத் தட்டில் வைத்துவிட்டேன். முழுசாகத்தான் வேண்டும் என்று 3 வயது மகள் தரையில் புரண்டு அழுதாள். அந்த நேரத்தில் நமக்கு இரண்டு வழி. “அதோ பாரு, காக்கா!” என்று கவனத்தைத் திருப்பலாம். இல்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்து, “தோசை பிஞ்சு போச்சுன்னு கோபமா இருக்கா கண்ணு?” என்று கேட்கலாம்.

நேரம்: காக்காவுக்கு அரை நிமிடம் போதும். உட்கார்ந்தால் பத்து நிமிடம்கூட ஆகும்.

வெளியிடம்: பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் காக்காதான் கைகொடுக்கும்.

பலன்: பெரிய வித்தியாசம் இங்கேதான். கவனம் திரும்பினால் அழுகை நிற்கும், ஆனால் தனக்கு வந்தது கோபம் என்று பிள்ளைக்குத் தெரியாது. உணர்ச்சியை அடக்க உதவும் மூளையின் முன்பகுதி 20 வயதுக்கு மேலும் வளர்ந்துகொண்டிருக்கும். அதுவரை நம் குரல்தான் துணை. ஆனால் அழுகை உச்சத்தில் இருக்கும்போது பேச்சு ஏறாது. முதுகைத் தடவிக்கொண்டு சும்மா இருங்கள். விம்மல் தணிந்த அப்புறம் அந்த உணர்ச்சியின் பெயரைச் சொல்லுங்கள். சில மாதங்கள் கழித்து என் மகள் முஷ்டியை இறுக்கிக்கொண்டு வந்து, “கோபம் வருதும்மா” என்றாள். அன்று அவள் எதையும் வீசவில்லை.

எதற்கு எது: கைக்குழந்தைக்கும் ஊசி போடும் இடத்துக்கும் காக்கா. பேசத் தொடங்கிய பிள்ளை ஒரே காரணத்துக்குத் திரும்பத் திரும்ப அழுதால் உட்காருங்கள். காக்காவுக்குப் பதில் போனை மட்டும் காட்டாதீர்கள், அப்புறம் போனுக்காகவே அழும்.