நாரி வலியும் இறப்பர் பால் மெத்தையும்

நடுவில் குழிந்துபோன பழைய தும்பு மெத்தைக்குப் பதிலாக, திருகோணமலை மத்திய வீதியிலுள்ள தளபாடக் கடையொன்றில், உள்நாட்டு இறப்பர் பாலில் செய்யப்பட்ட 6 அங்குலத் தடிப்புள்ள மெத்தையொன்றை வாங்கினேன். கடைக்காரர் அவசரப்படுத்தாமல் நீண்ட நேரம் படுத்துப் பார்க்க விட்டது பெரும் உதவி.

நாரி (கீழ்முதுகு) வலிக்குக் கடினமான படுக்கையே நல்லதென்று நம் வீடுகளில் சொல்வார்கள். ஆனால் 2003 இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஸ்பானிய ஆய்வொன்று, நாட்பட்ட நாரி வலியுள்ள 313 பேரை வைத்து, கடின மெத்தையை விட நடுத்தரக் கடினமுள்ள மெத்தையே கூடுதல் பயன் தந்ததெனக் காட்டியது. இம்மெத்தை அவ்வகையினது, தோளும் இடுப்பும் சற்றே அமிழ, நாரியின் வளைவுக்கு அடியில் வெற்றிடம் விடாமல் தாங்குகிறது.

எனினும் குழிக்குப் பழகிய உடல் உடனே இணங்கவில்லை. முதற் சில கிழமைகள் காலையில் முதுகு இறுகியே இருந்தது. மல்லாந்து படுக்கும்போது முழங்காலின் கீழும், சரிந்து படுக்கும்போது முழங்கால்களுக்கு இடையிலும் தலையணை வைக்குமாறு இயன்மருத்துவர் கூறியதைச் செய்த பின்னரே, மெத்தையின் உண்மையான பயன் தெரியத் தொடங்கியது. காலில் விறைப்புப் பரவுகிற வலியென்றால் மெத்தையை நம்பாமல் வைத்தியரிடம் செல்வதே சரி.

துளைகள் நிறைந்திருப்பதால் கச்சான் எனும் வெப்பக் காற்று வீசும் காலத்திலும் ஸ்பொஞ் மெத்தையளவு வியர்க்கவில்லை. பாரம் அதிகம், புரட்ட இருவர் வேண்டும். வெயில் இறப்பரைக் கெடுக்குமாதலால், பஞ்சு மெத்தையைப் போல முற்றத்தில் காயவிடக் கூடாது. நிழலில் காற்றாட வைத்தால் போதும்.