ஐந்து பேருக்கு ஒரு ஊர்: சென்னை, கோவை, கொச்சி, பெங்களூர்

டெல்லியை விட்டுக் கிளம்புவது என்று போன தீபாவளிக்கே முடிவாகிவிட்டது. நவம்பர் பிறந்தால் சின்னவளுக்கு வீசிங் வரும், நெபுலைசரோடு ஜனவரி வரை ஓட்டுவோம். இது மூன்றாவது வருஷம். என் அலுவலகத்துக்குத் தெற்கே நாலு ஊர்களில் கிளை இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் போ என்றார்கள். எந்த ஊர் என்பதுதான் கேள்வி.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் கேள்வி புரியாது. எனக்குக் கும்பகோணம் பக்கம். மனைவி மிசோரம், ஐசால்காரி, பிரஸ்பிட்டேரியன் சபை, வேலை நர்ஸ். பையனுக்கு ஒன்பது வயது, பெண்ணுக்கு ஐந்து. இரண்டும் வீட்டில் ஆங்கிலம், தெருவில் ஹிந்தி. என் அம்மாவுக்கு எழுபத்தொன்று. தமிழ் மட்டும்தான், வெள்ளி செவ்வாய் சைவம். மருமகள் புகையில் உலர்த்திய பன்றிக்கறியைக் கீரையோடு வேகவைக்கும்போது அம்மா ஜன்னலைத் திறந்துவிட்டுப் போய் சுலோகம் சொல்வார். சண்டை கிடையாது, ஆனால் இரண்டு அடுப்பு வேண்டும். படிவங்களில் எங்களுக்கு ஒரு கட்டம் எப்போதுமே போதுவதில்லை.

'வந்தாரை வாழவைக்கும் ஊர்' என்று எல்லா ஊரும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறது. அதை நம்பி லாரி பிடிக்க முடியாது. நான் பார்த்தது நாலே விஷயம்: வாடகைக்கு வீடு கேட்டால் இரண்டாவது கேள்வி என்ன வருகிறது, ஆஸ்பத்திரி வார்டில் என் மனைவி என்ன மொழி பேச வேண்டும், பிள்ளைகள் பள்ளியில் என்ன எழுத்தைப் புதிதாகக் கற்க வேண்டும், அம்மா தனியாகப் போய்க் கத்தரிக்காய் வாங்கிவர முடியுமா.

முதலில் சென்னை. தமிழன் சென்னைக்குப் போக யோசிப்பானா என்று மாமா கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், வீட்டுக்காரர்களுக்கு ஃபோன் போட ஆரம்பிக்கும்வரை. 'சொந்த ஊர் எது சார்?' 'கும்பகோணம்.' 'ஓ, அப்படியா! கும்பகோணத்துல எந்தத் தெரு?' தெருப் பெயரை எதற்குக் கேட்கிறார்கள் என்று தமிழ் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தேர்வில் தேறினால் 'நீங்க வெஜ்தானே?' அதிலும் தேறினால் 'வீட்ல அவங்க எந்த ஊரு?' மிசோரம் என்றதும் மறுமுனையில் ஒரு சின்ன அமைதி. ஒருவர் எல்லாவற்றுக்கும் சரி சொல்லி, நேரில் போனதும் மனைவியைப் பார்த்து 'நேபாளமா?' என்று சிரித்தபடி கேட்டார். மறுநாள் காலையில் மெசேஜ்: தம்பி ஃபாரினிலிருந்து திரும்பி வருகிறானாம், வீடு அவனுக்கு வேண்டுமாம். சென்னையில் எத்தனை தம்பிகள் இப்படி ஃபாரினிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தால் சுவாரசியமாக இருக்கும்.

அதே சென்னையில்தான், திருவல்லிக்கேணி வாலாஜா மசூதியில், 1795-இல் ஆற்காட்டு நவாப் குடும்பம் கட்டிய பெரிய மசூதியில், ரம்ஜான் மாதம் முழுக்க நோன்பு திறக்கும் உணவைப் பல பத்தாண்டுகளாக மயிலாப்பூரைச் சேர்ந்த சிந்தி இந்துக்களின் அறக்கட்டளை ஒன்று கொண்டுவந்து பரிமாறுகிறது. பிரிவினையின்போது சிந்துவிலிருந்து அகதியாக வந்த ஒருவர் தொடங்கிவைத்தது. அதனால் சென்னையை ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. பரங்கிமலைப் பக்கம் ஆங்கிலோ இந்தியர்கள் பழகிய தெருக்களில் வீடு கேட்டபோது தெருப் பெயரும் வரவில்லை, வெஜ்ஜும் வரவில்லை. மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவீர்கள் என்று மட்டும் கேட்டார்கள்.

அட்வான்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம். அந்த 'வேறு ஒப்பந்தம்' என்ற இடைவெளி வழியாகத்தான் ஆறு மாதமும் பத்து மாதமும் உள்ளே வருகின்றன.

சென்னையில் என்னைத் தயங்க வைத்தது வீடு இல்லை, வேறொன்று. அங்கே இருந்த ஒரு வாரமும் ஆட்டோவில், கடையில், வங்கியில் எல்லோரும் என்னிடம்தான் பேசினார்கள். மனைவி கேள்வி கேட்டாலும் பதில் எனக்கு வரும். 'அவங்களுக்குக் காரம் ஆகுமா?' என்று அவளை வைத்துக்கொண்டே என்னைக் கேட்டார் ஒரு மெஸ்காரர். அன்பாகத்தான் கேட்டார். ஆனால் டெல்லியில் இருவருமே வெளியாட்கள், சென்னையில் நான் உள்ளூர்க்காரன், அவள் என்னோடு வந்தவள். ஒரு நர்ஸுக்கு இது வேலையிலும் இடிக்கும். பொது வார்டில் இரவு இரண்டு மணிக்கு ஒரு பாட்டி 'நெஞ்சு கரிக்குதும்மா' என்றால் அதற்கு மொழிபெயர்ப்பாளரைத் தேட முடியாது. தமிழ் கற்றுக்கொள்வாள், ஆனால் முதல் இரண்டு வருஷம் என் கையைப் பிடித்துத்தான் நடக்க வேண்டும். அது அவளுக்குப் பிடிக்காது என்று அவளே சொல்லிவிட்டாள்.

பள்ளி விஷயத்தில் நாலு ஊருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தமிழ்நாட்டில் 2006-இல் தமிழ் கற்றல் சட்டம், கர்நாடகத்தில் 2015-இல் கன்னடம், கேரளத்தில் 2017-இல் மலையாளம். எங்கே போனாலும் பையன் ஒரு புது எழுத்துக்கு வணக்கம் சொல்லியாக வேண்டும். தமிழ் என்றால் பாட்டி உதவிக்கு இருப்பார், அது ஒரு லாபம். இன்னொரு லாபம், பள்ளிச் சான்றிதழில் சாதி, மதம் இல்லை என்று எழுதிக்கொள்ளத் தமிழ்நாட்டில் 1973-லேயே அரசாணை உண்டு. அந்த அரசாணையின் நகலைக் கையோடு எடுத்துப்போவது நல்லது. கவுன்டரில் இருப்பவர் அதைக் கேள்விப்பட்டிருப்பார் என்று நினைக்க வேண்டாம்.

கோவையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அம்மாவுக்கு மிகவும் பிடித்தது கோவைதான். சிறுவாணித் தண்ணீர், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, எதிலும் ஒரு 'ங்க'. ஆஸ்பத்திரி வேலைக்கும் குறைவில்லை. திப்ருகரிலிருந்து கன்னியாகுமரி போகும் விவேக் எக்ஸ்பிரஸ் குவாஹாத்தி, காட்பாடி, கோவை வழியாகத்தான் போகிறது. வேலூர் சிஎம்சிக்கு வடகிழக்கிலிருந்து வரும் நோயாளிகளில் நிறையப் பேருக்கு அது பழகிய ரயில். ஆனால் ஐந்து நாள் தங்கிய பிறகு மனைவி சொன்னாள்: 'எல்லோரும் மரியாதையாகப் பேசுகிறார்கள். பேசி முடித்ததும் உள்ளே போய்விடுகிறார்கள்.' எனக்கும் அப்படித்தான் பட்டது. ஐந்து நாளில் ஓர் ஊரை எடைபோடுவது நியாயமில்லைதான், இருந்தாலும் விட்டுவிட்டோம்.

கொச்சி என்னை மயக்கிவிட்டது, ஒளிக்க ஒன்றுமில்லை. மட்டாஞ்சேரியில் அரை நாள் நடந்தால் போதும். 1568-இல் கட்டிய யூத ஜெபாலயம், குஜராத்தித் தெரு, கொங்கணிகளின் திருமலைக் கோயில். அப்படியே ஃபோர்ட் கொச்சிப் பக்கம் போனால் தோபி கானா. அங்கே துணி வெளுப்பவர்கள் பல தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து போன வண்ணார்கள். கரி போட்ட இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்தபடியே ஒரு பெரியவர் அம்மாவிடம் 'எந்த ஊரும்மா?' என்றார். அம்மா கும்பகோணம் என்றார். அவர் எந்தத் தெரு என்று கேட்கவில்லை.

சாப்பாட்டுக் கவலை அறவே இல்லை. பன்றியா மாடா என்று கடைக்காரர் கேட்பது விலை சொல்வதற்காக மட்டும்தான். ஜூன் மழையைப் பார்த்ததும் மனைவி ஐசாலை நினைத்துக்கொண்டு பால்கனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வைட்டிலாவிலிருந்து காக்கநாட்டுக்கு 2023 முதல் வாட்டர் மெட்ரோ ஓடுகிறது. படகில் ஆபீஸ் போகலாம் என்றதும் பிள்ளைகள் ஓட்டுப் போட்டுவிட்டார்கள். அரசின் போக்கும் பிடித்தது. எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017-இல் 'ரோஷ்ணி' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் திணறாமலிருக்க, அவர்கள் மொழி தெரிந்த தன்னார்வலர்களை வைத்து அந்த மொழி வழியாகவே மலையாளத்துக்குக் கூட்டிவருவது. எங்கள் பிள்ளைகளுக்கு அது தேவைப்படாமல் போகலாம். ஆனாலும் ஒரு குழந்தை எந்த மொழியோடு வருகிறது என்று யோசித்துப் பார்த்த ஊர் அது.

அங்கே வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு 'அதிதி தொழிலாளி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் அதிதி என்றால் என்றைக்காவது கிளம்புகிறவர் அல்லவா? மனைவியிடம் இதைச் சொன்னதும் சிரித்தாள், ஆனால் அவள் கணக்கு வேறு. கேரளம் உலகத்துக்கே நர்ஸ் அனுப்பும் மாநிலம். அங்கே போய் நர்ஸ் வேலை கேட்பது திருநெல்வேலிக்கு அல்வா கொண்டுபோவது மாதிரி. வார்டில் மலையாளம் இல்லாமல் நடக்காது. தேவாலயங்களுக்குக் குறைவில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் நின்று மிசோவில் பாட ஒரு ஆள் வேண்டுமே. நாங்கள் தேடியவரை ஓரிரு மாணவர்கள்தான் கிடைத்தார்கள். சபையில் நாலு குரல் சேர்த்துப் பாடி வளர்ந்தவள் அவள். இது சின்ன விஷயமில்லை என்று புரிய எனக்கே பத்து வருஷம் ஆனது.

மிச்சம் பெங்களூர். இந்த ஊர் மீது எங்கள் இருவருக்குமே பயம் உண்டு, காரணங்கள் வேறு வேறு. 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தில் அங்கிருந்த தமிழர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். 2016 செப்டம்பரில் மறுபடி பேருந்துகள் எரிந்தன. 2012 ஆகஸ்டில் ஒரு வதந்தி கிளம்பி, வடகிழக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் ரயில் நிலையத்தில் குவிந்தார்கள். குவாஹாத்திக்குச் சிறப்பு ரயில் விட்டார்கள். மனைவியின் சித்தி மகன் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஆக, எங்கள் இரண்டு பக்கத்துச் சனமும் ஆளுக்கொரு முறை பெட்டி கட்டிய ஊர் இது. உடனே தமிழ்நாடு யோக்கியம் என்று சொல்லிவிட முடியாது. 2023 மார்ச்சில் பொய் வீடியோக்களைப் பார்த்துவிட்டு பீகார் தொழிலாளர்கள் நம் ஊர் ரயில் நிலையங்களில் நின்றதை மறக்கவில்லை.

நல்லதும் இருக்கிறது. அல்சூர் ஏரிக்கரையில் 1991-இல் தயாரான திருவள்ளுவர் சிலை பதினெட்டு வருஷம் துணிக்குள் கிடந்தது. 2009 ஆகஸ்டில் அதைத் திறந்தார்கள், அதே வாரம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை எழுந்தது. சிலைக்குச் சிலை என்பது பேரம்தான், ஆனால் கல்லெறிவதைவிடப் பேரம் மேல்.

லிங்கராஜபுரம், கம்மனஹள்ளி பக்கம் போய்ப் பார்த்ததும் என் தராசு சாய்ந்துவிட்டது. ஒரே தெருவில் தமிழ் ஆராதனை நடக்கும் சபை, இரண்டு கடை தள்ளி நாகா உணவகம், முனையில் மாரியம்மன் கோயில். புளிக்கவைத்த சோயாவும் மூங்கில் குருத்தும் விற்கும் சின்னக் கடைக்குள் நுழைந்த மனைவி அரை மணி நேரம் வெளியே வரவில்லை. வெளியே அம்மா தள்ளுவண்டிக்காரரிடம் தமிழில் பேரம் பேசிக்கொண்டிருந்தார், அவர் கன்னடம் கலந்த தமிழில் விட்டுக்கொடுக்காமல் நின்றார். நான் சும்மா ஓரமாக நின்றேன். யாருக்கும் நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. சென்னையில் கிடைக்காதது இதுதான். பெங்களூர் ஆஸ்பத்திரி வார்டுகளிலும் ஹிந்தி, தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் எல்லாம் கலந்துதான் ஓடுகிறது என்று மனைவியின் பழைய சகா ஒருத்தி சொன்னாள். கன்னடம் கற்றுத்தான் ஆக வேண்டும், ஆனால் நாங்கள் ஐந்து பேரும் ஒன்றாம் வகுப்பில் ஒன்றாக உட்காருவோம்.

குறைகளையும் சொல்கிறேன். டிராஃபிக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். 2024 கோடையில் போர்வெல்கள் வற்றி டேங்கர் விலை ஏறியதை மறக்கக் கூடாது. வீடு பார்க்கும்போது காவிரிக் குழாய் இணைப்பு உண்டா என்பதை முதலில் கேளுங்கள். ஐசால் இங்கிருந்தும் தூரம்தான். ஐசாலுக்குப் பக்கத்தில் சாய்ராங் வரை 2025 செப்டம்பரில் ரயில் வந்துவிட்டது, ஆனால் அங்கே போய்ச் சேர இரண்டு ராத்திரிக்கு மேல் ஆகும்.

கடைசியில் பிடித்துப்போன வீடு முதல் மாடி. சமையலறைக்குப் பின்னால் பெங்களூர் வீடுகளில் 'யூட்டிலிட்டி' என்பார்களே, அந்தச் சின்ன இடம் இருந்தது. இரண்டாவது அடுப்பு வைக்க அளவெடுத்த மாதிரி. கீழே வீட்டுக்காரம்மா, அறுபதைத் தாண்டியவர், கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். நான் எதையும் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டேன்: மனைவி மிசோரம், மாதம் இரண்டு முறை கறியைப் புகை போடுவோம்.

அவர் கொஞ்சம் யோசித்தார். 'புகை மேல போகுமா, இல்ல எங்க துணி காயுற பக்கம் வருமா?' என்றார்.

மாடிக்குப் போய்க் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று இருவருமாகப் பார்த்தோம். திங்களும் வியாழனும் அவர் துணி காயப்போடும் நாட்கள், மற்ற நாட்களில் அடுப்பு மூட்டிக்கொள்ளலாம் என்று பேசி முடித்தாயிற்று. அட்வான்ஸில் மட்டும் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.