கடுக்காய் போட்டுப் பூசுவதாகச் சொல்லிக் கடுக்காய் கொடுத்த கதை

புதுச்சேரியில் எங்கள் தாத்தா காலத்து வீட்டைப் பழமை மாறாமல் புதுப்பித்துத் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் 27 லட்சம் ரூபாயையும் 34 பர்மா தேக்குக் கட்டைகளையும் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். புகார் கொடுத்து விசாரணை நடப்பதால் பெயர் போடவில்லை. பழைய வீடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

கால்வாய்க்கு மேற்கே, தமிழர் பகுதியில் உள்ள வீடு அது. கீழே திண்ணை, தெருப்பக்கத் தாழ்வாரம், உள்ளே முற்றத்தைச் சுற்றி மரத்தூண்கள் என்று முழுக்கத் தமிழ் வீடு. மாடிக்கு ஏறினால் வளைவு ஜன்னலும் சட்டம் வைத்த கதவுகளுமாக பிரெஞ்சுக்காரர் வீடு. வைசியாள் வீதியில் நடந்தவர்களுக்கு இந்தக் கலவை தெரிந்திருக்கும். அந்தத் தெருவைச் சீரமைத்ததற்கு 2008-ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. அதைப் பார்த்த ஆசையில்தான் நானும் இடிக்க வேண்டாம், புதுப்பிக்கலாம் என்று முடிவெடுத்தேன். ஆசையில் தவறில்லை, ஆள் பிடித்ததில்தான் தவறு.

முதலில் வந்து பார்த்தவர் ஒரு வயதான ஆசாரி. மாடித்தளத்தைத் தாங்கும் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "அஞ்சு கட்டைக்குத்தான் சுவருக்குள்ள போற முனை மக்கியிருக்கு தம்பி. அந்த முனையை மட்டும் வெட்டி எடுத்துட்டுப் புதுசா ஒட்டுப் போட்டுடலாம்" என்றார். அவரிடம் விசிட்டிங் கார்டு இல்லை, போனில் படம் இல்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. இதை எழுதும்போது கூசுகிறது.

அடுத்து வந்தவரிடம் எல்லாமே இருந்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு என்று எங்கள் தாத்தாவுக்கே வீடு கட்டிக் கொடுத்தவர் மாதிரி பேசினார். "ஒரு மூட்டை சிமெண்ட் உங்க வாசப்படி தாண்டி வராது சார்" என்றார். அப்புறம் ஒரு கட்டையின் முனையை ஸ்க்ரூடிரைவரால் குத்திக் காட்டி, மெதுவாக மேரி கட்டடத்தின் பேச்சை எடுத்தார். 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் இருந்த அந்தப் பழைய நகராட்சிக் கட்டடம் சரிந்து விழுந்தது ஊரில் யாருக்கும் மறக்கவில்லை. "அதே மெட்ராஸ் டெரஸ்தான் சார் உங்க மாடியும். அம்மா கீழ படுக்கிறாங்க." அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். கட்டைகளை எல்லாம் இறக்கி, மருந்தடித்து, திரும்ப ஏற்றுவதாக ஏற்பாடு.

மெட்ராஸ் டெரஸ் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேக்குக் கட்டைகளை நெருக்கமாக வரிசை வைத்து, அவற்றின் மேல் மெல்லிய சின்னச் செங்கற்களை மூலைவாட்டில் செங்குத்தாகச் சுண்ணாம்பில் ஒட்டி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, நாள் கணக்கில் மரத்தட்டியால் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டையான ஓடு பதிப்பார்கள். ஒருமுறை பிரித்தால் திரும்பப் போட ஆள் கிடைப்பது கஷ்டம். பிரிக்கச் சொல்கிறவரிடம், திரும்பப் போடப் போகும் கொத்தனாரை முதலில் கண்ணில் காட்டச் சொல்லுங்கள். நான் கேட்கவில்லை.

எனக்குச் சென்னையில் வேலை. வாரம் தவறாமல் வாட்ஸ்அப்பில் படம் வரும். கொல்லையில் தொட்டி கட்டிச் சுண்ணாம்பு ஊறுகிற படம், கடுக்காய் மூட்டை வந்து இறங்குகிற படம். அம்மா அப்போது சித்தி வீட்டில் இருந்தார். இரண்டு தெரு தள்ளித்தான். ஒருநாள் போனில், "தொட்டியில சுண்ணாம்பு குறையவே மாட்டேங்குதுடா" என்றார். "உங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்று சொன்னேன். அம்மா அதற்குப் பிறகு எதுவும் சொல்லவில்லை.

அக்டோபரில் சாவி கொடுத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சுவர் பழைய காலத்துப் பூச்சு போல வழுவழுப்பு, மேலே வரிசையாகக் கட்டைகள். நவம்பர் மழை நாலு நாள் பெய்ததும், கூடத்துச் சுவரில் இடுப்புக்கு மேலே உப்புப் பூக்க ஆரம்பித்தது. பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி உதிர்ந்தது. சுரண்டிப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறம். தரையிலிருந்து நாலடி உயரத்துக்குச் சிமெண்ட், அதற்கு மேலே பட்டி, பெயிண்ட்! பழைய சுவர்களுக்கு அடியில் ஓதம் தடுக்கிற பூச்சு கிடையாது. மண்ணிலிருந்து ஏறுகிற ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகவே ஆறிப்போகும். சிமெண்டை வைத்து அடைத்துவிட்டால் அது வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே மேலே ஏறி, சிமெண்ட் முடிகிற இடத்தில் உப்போடு வெளியே வரும். எங்கள் வீட்டில் கோடு போட்டது மாதிரி வந்தது. பில்லில் இருந்தது என்னவோ சுண்ணாம்பு வேலைக்கான கூலி, சிமெண்ட் பூச்சைவிட மூன்று மடங்கு.

பெரிய அடி மார்ச்சில். கூடத்தில் மின்விசிறி மாட்ட வந்த பையன் கட்டையில் துளை போட்டான். துரப்பணம் சட்டென்று உள்ளே போய்விட்டது. "சார், இது கட்டை இல்ல, டப்பா" என்றான். பிளைவுட்டைப் பெட்டி மாதிரி அடித்து, தேக்கு நிறம் பூசி, கான்கிரீட் தளத்துக்கு அடியில் ஒட்டியிருந்தார்கள். 34-ம் அப்படித்தான். மாடித்தளமே கான்கிரீட் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் வந்த தளத்துப் படங்கள் வேறு யார் வீட்டிலோ எடுத்தவை.

வேலை எடுத்தவர் என் போனை எடுக்கவில்லை. பழைய மரச்சாமான் விற்கிற கடைகளைத் தேடிக் காரைக்குடி வரை போனேன். முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன். தேக்குக் கட்டைகள் இருந்தன, எது எங்கள் வீட்டுடையது என்று எப்படிச் சொல்வது? காவல் நிலையத்திலும் அதையேதான் கேட்டார்கள். "உங்க மரம்னு அடையாளம் என்ன சார்?" என்னிடம் ஒரு படம்கூட இல்லை. வக்கீல் ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்தார். "பழமை மாறாமல் புதுப்பித்தல்" என்ற ஒற்றை வரிக்கு மேல் அதில் எதுவும் இல்லை.

ஆகவே, கட்டை, தூண், கதவு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் வேலை தொடங்குமுன் எண் எழுதி, அளவெடுத்து, படம் பிடித்து வையுங்கள். மருந்தடிப்பது உங்கள் வாசலிலேயே நடக்கட்டும், எதுவும் லாரியில் ஏறக்கூடாது. எந்தச் சுவருக்கு என்ன கலவை, கழற்றிய பொருள் யாருக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். புதுச்சேரிக்காரர்கள் பழைய கட்டடங்களைப் பாதுகாக்க உதவும் இன்டாக் அமைப்பின் அலுவலகத்தில் ஒருமுறை விசாரித்துவிட்டு ஆரம்பிக்கலாம். நான் அந்த வழியாக எத்தனையோ முறை வண்டியில் போயிருக்கிறேன், இறங்கவில்லை.

இப்போது ஒரு வயதான கொத்தனார் சிமெண்டைக் கொத்தி எடுத்துக்கொண்டிருக்கிறார். சித்திரை வெயில் முடியும்வரை சுவரை வெறுமனே விடச் சொல்கிறார், ஈரம் காய வேண்டுமாம். கொல்லையில் அந்தக் கடுக்காய் மூட்டை கட்டு பிரிக்காமல் அப்படியே கிடந்தது. இதையாவது பயன்படுத்தலாமா என்று கேட்டேன். ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "புழு வச்சுடுச்சு தம்பி, வேற வாங்கிடுங்க" என்றார்.