ஒற்றைக் கேபிளா, தனித்தனி ஒயரா?

சைக்கிளுக்கு, சக்கரத்தின் நடுவில் உட்காரும் 36 வோல்ட், 250 வாட் ஹப் மோட்டார் மாட்டுகிறவர்கள் முழிப்பதே ஒயரிங்கில்தான்.

ரெடிமேட் கேபிள் என்றால் மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டியிலிருந்து ஹேண்டில்பாருக்கு ஒரே ஒயர் போய் நான்காகப் பிரியும்: டிஸ்ப்ளே, த்ராட்டில் (வேகம் கூட்டும் பிடி), இரண்டு பிரேக். மோட்டாருக்குத் தனியாக 9 பின் கேபிள். அம்புக்குறிகளை நேருக்கு நேர் வைத்து அழுத்தினால் போதும். திருகினால் பின் வளைந்துவிடும். நான் ஒன்றை அப்படித்தான் கெடுத்தேன். பொள்ளாச்சிப் பக்கம் ஆடிச் சாரலில் ஓட்டுகிறவர்களுக்கு ரப்பர் சீல் உள்ள இதுதான் சரி.

தனி ஒயர் மலிவு. ஒன்று போனால் அதை மட்டும் மாற்றலாம். ஒயர் நுனியில் லக் (உலோக முனை) அடிக்க கோயமுத்தூரில் மோட்டார் காயில் கட்டும் கடை போதும். தலைவலி நிறத்தில் இருக்கிறது. மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும் தடித்த பேஸ் ஒயர் மூன்று: மஞ்சள், பச்சை, நீலம். மோட்டார் சுற்றும் நிலையைச் சொல்லும் ஹால் சென்சாருக்கு மெல்லிய ஒயர் ஐந்து: அதே மூன்று நிறம், கூடவே சிவப்பு, கறுப்பு. நிறத்துக்கு நிறம் சேர்த்தும் சில சமயம் மோட்டார் உதறும். அப்போது ஹாலைத் தொடாமல் பேஸை மட்டும் மாற்றிப் பாருங்கள், மொத்தம் ஆறு சேர்க்கைதான். சீராகச் சுற்றியும் பின்னோக்கிப் போனால் ஹாலில் மஞ்சள், பச்சை, நீலம் என்ற சிக்னல் ஒயர்களில் இரண்டை இடம் மாற்றி, பேஸை மறுபடி முதலிலிருந்து. சிவப்பு, கறுப்பில் மட்டும் விளையாட வேண்டாம், சென்சார் போய்விடும். ஒவ்வொரு முறையும் பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.