‘பிங்க் காங்கோ’ செடி வாங்க நினைப்பவர்கள் கவனத்திற்கு

மார்த்தாண்டம் வட்டாரத்தில் உள்ள ஒரு நர்சரியில், பிலோடென்ட்ரான் இனத்தைச் சேர்ந்த ‘பிங்க் காங்கோ’ என்ற அலங்கார இலைச்செடியை 1,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். “இது அபூர்வ ரகம் சார், எப்போதும் ரோஸ் கலரில்தான் இலை விடும்” என்று விற்றவர் அடித்துச் சொன்னார். அதே கடையில் சாதாரணப் பச்சைக் காங்கோவின் விலை 180 ரூபாய்தான் என்பதால், மீதிப் பணம் முழுவதும் அந்த நிறத்திற்காகக் கொடுத்ததே.

நேர்வெயில் படாத வராந்தாவில், கோகோபீட்டும் மணலும் கலந்த தொட்டியில் வைத்து, ஆடிச் சாரலில் வேர் அழுகிவிடாதபடி மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றினேன். செடி செழிப்பாகவே வளர்ந்தது. ஆனால், அடுத்துச் சுருள் விரித்த இலையில் ரோஸ் நிறம் நுனியில் ஒரு விரலகலம்தான் இருந்தது. அதற்குப் பின் வந்தவை அனைத்தும் அப்பட்டமான பச்சை. புகார் சொன்னபோது, சத்துக் குறைவு என்று கூறி 350 ரூபாய்க்கு ஓர் உரப்புட்டியைத் தலையில் கட்டினார்கள். மறுபடி கேட்டதற்கு, “செடி சாகவில்லையே சார்” என்பதுதான் பதில்.

உண்மை என்னவென்றால், ‘பிங்க் காங்கோ’ என்று தனி ரகமே கிடையாது; பச்சைக் காங்கோவின் இளந்தளிர்களை வேதிப்பொருளால் நிறம் மாற்றி விற்கிறார்கள். சில மாதங்களில் அது இயல்பான பச்சைக்கே திரும்பிவிடும். எந்த உரமும் அதைத் தடுக்காது. பச்சையமே இல்லாத இலையால் உணவு தயாரிக்க முடியாது என்பதால், எல்லா இலையும் ரோஸாகவே விடும் செடி நெடுநாள் பிழைக்கவும் வழியில்லை. இயற்கையாகவே ரோஸ் நிறம் உள்ள ‘பிங்க் பிரின்சஸ்’ ரகம் வேறு: அது கொழுகொம்பைப் பற்றி ஏறும் கொடி, அதன் கரும்பச்சை இலைகளில் நிறம் ஒழுங்கின்றித் திட்டுத்திட்டாக விழும், பெரும்பாலும் தண்டிலும் ரோஸ் கோடு ஓடும். காங்கோவோ கொடியாக ஓடாமல் குத்தாக வளர்வது. அடியிலைகள் பச்சையாகவும், நடுவில் உள்ள சில இலைகள் மட்டும் வண்ணம் அடித்ததுபோல ஒரே சீரான ரோஸாகவும் இருந்தால் வாங்காதீர்கள்.

நிறம் மாற்றி விற்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வாங்குபவரிடம் அதை மறைப்பதுதான் மோசடி. எனக்குத் தந்த பில்லில் ‘அலங்காரச் செடி – 1’ என்று மட்டுமே எழுதியிருந்தார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லையென்றாலும், ரகத்தின் பெயரே இல்லாத பில்லை வைத்து எதையும் நிரூபிப்பது கடினம். ஆகவே, பணம் கொடுக்கும் முன்பே ரகத்தின் பெயரையும், நிறம் நிலைக்கும் என்ற உறுதியையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.